எச்சிலும் தொனியும்: வடசென்னைத் தெருவில் கிளாரினெட்

பறையைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. இழவு வீட்டுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்ட சேரிகளின் கதை, 1990-களில் அதே பறையை விடுதலையின் குரலென்று மேடையேற்றிய தலித் கலை விழாக்களின் கதை, அடிப்பது இழிவா, விட்டுவிடுவது இழப்பா என்ற தீராத விவாதம் - எல்லாம் இதுபோன்ற பக்கங்களில்தான் நடந்தன. பிறகு கானா வந்தது. சாவு வீட்டு வாசலிலும் குப்பத்து முனையிலும் பாடப்பட்டு வந்த பாட்டு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது ஊரே திரும்பிப் பார்க்கும் விஷயமானது. நல்லது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பேண்டு செட்.

தோளில் மஞ்சள் குஞ்சம் வைத்த சிவப்புச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலைந்த பேண்ட், காலில் எது இருக்கிறதோ அது. எர்ணாவூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் நான் பார்த்த செட்டுகளில் ஊதியவர்களும் அடித்தவர்களும் பெரும்பாலும் நம் ஆட்கள். இந்தியா முழுக்கவே பேண்டுக்காரர்கள் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களுமாகத்தான் இருக்கிறார்கள் என்பதை கிரெகரி பூத் என்ற ஆய்வாளர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து 2005-இல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். நாம் எழுதவில்லை. ஏன்? பறை நம்முடையது என்று உரிமை கோரலாம். எதிர்ப்பண்பாடு என்று பெயர் வைக்கலாம். பேண்டு? வெள்ளைக்காரன் விட்டுப்போனது, சினிமாப் பாட்டு ஊதுவது, கூலிக்கு வருவது. அதில் என்ன அடையாளம் இருக்கிறது என்று தள்ளிவிட்டோம். எனக்கோ அந்தக் கூலிதான் முக்கியமாகப் படுகிறது. பறைக்கு இருந்தது ஊழியம். கூப்பிட்டால் போயே ஆகவேண்டும். பேண்டுக்கு இருந்தது அட்வான்ஸ். அட்வான்ஸ் கொடுக்காத வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னார்கள்.

அந்தச் செட்டில் கிளாரினெட்தான் பாட்டைத் தூக்கிப் போகும் வாத்தியம். டிரம்பெட் இடையிடையே வெட்டும், யூஃபோனியம் அடியில் உறுமும், டிரம்முகள் நடையைப் பிடிக்கும். பாடுகிறவர் வாய் எதுவோ அது கிளாரினெட். அந்த வாத்தியத்தில் எனக்குச் சொல்லவிருப்பது முழுக்கருவி பற்றியும் அல்ல. வாயில் வைக்கும் விரல்நீளக் கறுப்புத் துண்டு, மவுத்பீஸ், அதைப் பற்றி மட்டும்.

இதிலென்ன வரலாறு என்று தோழர்கள் கேட்கலாம். கிளாரினெட்டின் தொனியில் பெரும்பங்கு அந்தத் துண்டிலும் அதில் கட்டிய ரீடிலும்தான் பிறக்கிறது. அதற்குக் கீழே உள்ள நீளக்குழாயும் சாவிகளும் எந்தச் சுரம் என்று தீர்மானிக்கின்றன. அந்தச் சுரம் உருண்டு வருமா, கூர்ந்து வருமா, கத்துமா, கரகரக்குமா என்பது வாயருகில்தான் முடிவாகிறது. யார் எதை வாயில் வைக்கலாம் என்பதோ இந்த நாட்டில் வாத்தியக்காரர் மட்டும் முடிவு செய்கிற விஷயமாக என்றைக்கும் இருந்ததில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை எதற்காக வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

*

முதலில் சங்கதி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மவுத்பீஸின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்ட படுகை. அதன்மேல் நாணலில் செய்த ஒற்றை ரீடைப் படிய வைத்துக் கட்டுகிறோம். படுகை முழுக்கத் தட்டையாகப் போய்விட்டால் ரீடு வாயை அடைத்துக்கொள்ளும், காற்று போகாது. அதனால் நுனியை நெருங்க நெருங்க மவுத்பீஸின் இரண்டு விளிம்புகளும் ரீடிலிருந்து மெல்ல விலகி வளையும். நுனியில் ஓர் இடைவெளி நிற்கும். ஊதும்போது ரீடு அந்த இடைவெளியை மூடித் திறந்து மூடித் திறந்து காற்றைத் துண்டு துண்டாக உள்ளே அனுப்புகிறது. 440 அதிர்வுச் சுரம் என்றால் நொடிக்கு 440 தடவை.

அந்த நுனி இடைவெளி எவ்வளவு? கேட்டால் சிரிப்பு வரும். ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும். பாரிசில் 1905-இல் தொடங்கிய வேன்டோரன் கம்பெனியின் இரண்டு பேர்போன மவுத்பீஸ்களை எடுத்துக்கொள்வோம். 5ஆர்வி லயர் என்பதில் நுனித் திறப்பு 1.095 மி.மீ. பி45 என்பதில் 1.195 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு வெள்ளைத்தாளின் கனம். பட்டறைக் கணக்கில் நாலு தௌ. இந்த நாலு தௌவில் ஆளே மாறிவிடுகிறான். திறப்பு குறைவானால் கெட்டியான ரீடு கேட்கும், 3, 3½ நம்பர் கட்டலாம், தொனி கட்டுக்கோப்பாக, வழவழப்பாக வரும், சுரம் ஆடாது. திறப்பு கூடினால் இளசான ரீடு, 2, 2½. மூச்சு அதிகம் தின்னும். ஆனால் சத்தம் வெளியே பாயும், உதட்டை இறுக்கித் தளர்த்திச் சுரத்தை வளைக்கலாம், இழுக்கலாம், அழவைக்கலாம்.

உள்ளே இன்னும் இரண்டு விஷயம். ரீடுக்கு எதிரே உள்ள உட்கூரை உயர்ந்து ரீடை நெருங்கி இருந்தால் தொனி கூர்மையாகும்; பள்ளமாகத் தோண்டியிருந்தால் இருளும். அதற்குப் பின்னால் இருக்கிற உள்ளறை பெரிதானால் சத்தம் பரந்து மழுங்கும்; சிறிதானால் முனைப்பு வரும். இவ்வளவுதான். இதற்கு மேல் சொல்கிற மர்மமெல்லாம் விற்கிறவர்கள் சொல்வது. எல்லாருக்கும் பொதுவான 'சிறந்த மவுத்பீஸ்' என்று உலகத்தில் எதுவும் கிடையாது. இந்த வாய்க்கு, இந்தப் பல்லுக்கு, இந்த ரீடுக்கு, இந்த இடத்துக்கு எது என்பதுதான் கேள்வி. இடம் என்று நான் சொன்னதைக் கவனிக்கவும்.

கறுப்புத் துண்டு எதனால் ஆனது? ஆதியில் மரம், தந்தம். 1700 வாக்கில் நூரம்பர்க்கில் டென்னர் கிளாரினெட் செய்த காலத்தில் மரந்தான். மரம் எச்சில் குடித்து ஊதும், காயும்போது கோணும். விளிம்பு கோணினால் நாலு தௌவெல்லாம் எங்கே நிற்கும்? 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். கந்தகத்தைச் சில பங்கு மட்டும் சேர்த்தால் டயர் ரப்பர். நூற்றுக்கு முப்பது பங்குவரை ஏற்றி வேகவைத்தால் கல்போல இறுகும், அதுதான் எபோனைட். குட்இயரின் தம்பி நெல்சன் 1851-இல் காப்புரிமை வாங்கினார். நல்ல மவுத்பீஸ்கள் இன்றும் பெரும்பாலும் எபோனைட்தான். திருவொற்றியூரில் 1946-இல் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. ரப்பரும் கந்தகமும் எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. ஆனால் மவுத்பீஸ் மட்டும் கப்பலேறி வந்தது.

*

இப்போது மணலிக்குப் போவோம். எர்ணாவூரிலிருந்து பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் மணலி. கர்நாடக சங்கீத வரலாறு படித்தவர்களுக்கு அது புண்ணியத் தலம். முத்துசாமி தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அங்கே வைத்து ஆதரித்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். அவர் மகன் சின்னையா முதலியார் கம்பெனியின் துபாஷ். அவர்தான் தீட்சித சகோதரர்களைக் கோட்டைக்கு அழைத்துப்போய் வெள்ளைக்காரன் பேண்டைக் கேட்கவைத்தார் என்பார்கள். அப்படிக் கேட்ட மெட்டுகளில் தீட்சிதர் சமஸ்கிருத வரிகளைப் போட்டார். சுமார் 40 உருப்படிகள் நோட்டுஸ்வர சாகித்தியம் என்ற பெயரில் இருக்கின்றன. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் மணலியில் இருந்தபடியே ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் நுழைந்த வாசல்களில் ஒன்று அது.

வரலாறு பேண்டைக் கேட்டவர்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறது. ஊதியவர்கள் யார்? 1795-இல் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது: தாய்வழி தகப்பன்வழி இரண்டிலும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் படையில் சேரக்கூடாது, பேண்டு வாசிக்க, டிரம் அடிக்க, குழல் ஊத, குதிரைக்கு லாடம் கட்ட மட்டும் சேரலாம். ஆக, கலப்பு என்று ஒதுக்கப்பட்டவனுக்குத் துப்பாக்கி கிடையாது, வாத்தியம் உண்டு. மதராஸ் படையில் பறையர்கள் ஏராளமாக இருந்தார்கள், பயனியர், சாப்பர் பிரிவுகளில் குறிப்பாக. பிறகு 'போர்க்குணச் சாதி' என்ற கதையாடல் வந்து அந்த வாசலும் அடைபட்டது. ஊதல் என்பது தொடக்கத்திலிருந்தே தள்ளிவைக்கப்பட்டவர்களுக்கு மிச்சம் விட்ட வேலை.

ஆக ஒரே கோட்டையிலிருந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு ஐரோப்பியக் கருவிகள் இந்த மண்ணுக்குள் இறங்குகின்றன. ஒன்று வயலின், கையிலும் தோளிலும் இருப்பது. இன்னொன்று கிளாரினெட், வாய்க்குள் போவது. வயலின் கச்சேரி மேடையின் நடுவுக்குப் போய்விட்டது. அது இல்லாமல் பாட்டே இல்லை என்ற நிலை. கிளாரினெட்? தஞ்சையில் இரண்டாம் சரபோஜி பேண்டு வைத்திருந்தார். அங்கிருந்து 19-ஆம் நூற்றாண்டில் சதிர் ஆட்டத்தின் பக்கவாத்தியமாக, முகவீணையின் இடத்துக்கு, கிளாரினெட் வந்தது. மகாதேவ நட்டுவனார் கொண்டுவந்தார் என்பது வழக்கு. சின்ன மேளத்தோடு சேர்ந்தது சின்ன மேளத்தோடே போனது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் வந்தது. ஆட்டம் பரதநாட்டியமாகி வேறு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது. புல்லாங்குழலும் வயலினும் கூடப் போயின, கிளாரினெட் வெளியே நின்றுவிட்டது.

இதற்கு எச்சில் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சாவி வைத்த கருவியில் கமகம் வராது என்று சங்கீதக்காரர்கள் சொன்ன காரணமும் இருக்கிறது. அது சரியா என்பதைப் பிறகு பார்ப்போம். ஆனால் எச்சிலை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவும் முடியாது. புல்லாங்குழல் உதட்டோரத்தில் நிற்பது; பார்ப்பன வித்வான்கள் அதை ஊதியிருக்கிறார்கள். வாய்க்குள் நுழைத்து எச்சிலில் நனைத்து ஊதுகிற நாகஸ்வரமோ கோயிலுக்கே உரிய மங்கல வாத்தியமாக இருந்தும், அதை ஊதியவர்கள் இசை வேளாளரும் நாவிதரும். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) சட்டை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்றதே ஒரு கலகமாகப் பேசப்பட்டது என்றால், அதுவரை அந்த வாய்க்கு இருந்த மரியாதை என்ன? அவருக்கே அந்த நிலைமை. அந்தக் கோயில் வாசலையும் தாண்டமுடியாத நம் வாய்க்கு?

தோலுக்கும் இதே கதைதான். மிருதங்கம் செய்கிற தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். 2020 பிப்ரவரியில் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. மாட்டுத்தோல் மேடையில் இருக்கலாம். அதைப் பற்றிய பேச்சு இருக்கக்கூடாது.

*

எங்கள் பெரியப்பா எர்ணாவூரில் ஒரு செட்டில் கிளாரினெட் ஊதினார். பகலில் பட்டறையில் பிட்டர். கிளாரினெட் செட்டு ஓனருடையது. சட்டை ஓனருடையது, தொப்பி ஓனருடையது. மவுத்பீஸ் மட்டும் பெரியப்பாவுடையது. வேலை முடிந்ததும் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வாத்தியம் எந்த ஊர்ச் சரக்காக இருந்தாலும், எத்தனை கை மாறியிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. "மரம் எவன்துன்னா இன்னாடா, வாயி என்துதானே" என்பார்.

அதை அவர் வாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். மவுத்பீஸை ஊதிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்; செருப்பைக் காலில் போட்டுப் பார்ப்பதுபோல. பட்டணத்தில் ஒரு கடையில் கேட்டபோது, வாய் வைத்தால் எடுத்துக்கொண்டே ஆகவேண்டும் என்றார்களாம். சுத்தம் கருதிப் பல கடைகளில் இருக்கிற விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்திலேயே இன்னொருவர் ஊதிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்ததையும் பெரியப்பா பார்த்துக்கொண்டுதான் நின்றார். அடுத்த முறை போகும்போது பையில் இரண்டு சாமான் எடுத்துப்போனார். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று, பட்டறையில் பிளாட்டினம் பாயின்ட் இடைவெளி பார்க்கிற பீலர் கேஜ் ஒன்று.

மவுத்பீஸின் படுகையைக் கண்ணாடிமேல் வைத்தார். ஆடினால் படுகை கோணல், அப்போதே தள்ளிவிடலாம். ஆடவில்லை. நுனிப்பக்கம் விளிம்பு கண்ணாடியிலிருந்து விலகும் இடத்தில் பீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகினார். அது எவ்வளவு ஆழம் போய் நிற்கிறது என்று பார்த்தார். இரண்டு விளிம்பிலும் ஒரே ஆழத்தில் நின்றால் வளைவு சமம். ஒரு பக்கம் கூடப் போனால் ரீடு ஒருக்களித்துத் துடிக்கும்; உச்சியில் கீச்சென்று கத்தும். பிறகு கனமான தகடு, இன்னும் கனமான தகடு. கடைக்காரர் வேடிக்கை பார்த்தார். நாலைந்து துண்டை இப்படி வரிசையாகக் கழித்துவிட்டு, வாய் வைக்காமலே ஒன்றை எடுத்தார்.

இது பெரியப்பாவின் குருட்டு யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எல்கார்ட் என்ற ஊரில், பேண்டு வாத்தியம் செய்வதற்கே பேர்போன ஊர் அது, எரிக் பிராண்ட் என்பவர் இதே கண்ணாடியும் பீலர் தகடும் வைத்து மவுத்பீஸ் அளக்கும் முறையை வகுத்தார். ஒன்றரை தௌ, 10 தௌ, 24 தௌ, 34 தௌ என்று தகடுகளின் கனம்கூடத் தரப்படுத்தப்பட்டது. உலகமெங்கும் மவுத்பீஸ் செதுக்குகிறவர்கள் இன்றும் அப்படித்தான் அளக்கிறார்கள். பெரியப்பா அந்தப் புத்தகத்தைப் பார்த்தவரில்லை. எஞ்சின் வேலை செய்த கைக்கு இடைவெளி என்றால் என்னவென்று தெரியும், அவ்வளவுதான். எண்ணூர் - திருவொற்றியூர்த் தொழிற்சாலைகள் எங்கள் ஆட்களுக்குக் கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டது அதிகம். கொடுத்ததில் ஒன்று இந்தத் தௌக் கணக்கு.

அவர் தேர்ந்தெடுத்தது திறப்பு அகலமான துண்டு. பிறகு வீட்டில் கண்ணாடிமேல் வழவழ எமரித்தாளை நனைத்துப் போட்டு, விளிம்பை இரண்டு இழுப்பு இழுத்து, அளந்து, மறுபடி ஓர் இழுப்பு. எடுத்ததைத் திரும்ப ஒட்டமுடியாது என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார். முடிந்ததும் ரீடைக் கட்டி, கீழ்த்துளையை உள்ளங்கையால் பொத்தி, வாயால் காற்றை உறிஞ்சி எடுப்பார். ரீடு ஒட்டிக்கொண்டு ஒரு நொடி நின்று, பிறகு 'டப்'பென்று விடவேண்டும். உடனே விட்டுவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. மேல்பல் படும் இடத்தில் சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டு. ரீடைப் பிடிக்கும் உலோகப் பட்டை உடைந்தபோது நூலால் சுற்றிக் கட்டினார். ஜெர்மனியில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களே இன்றும் நூல்தான் சுற்றுகிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

ரீடு தனிக் கஷ்டம். ஒரு பெட்டியில் பத்து இருந்தால் மூன்று நன்றாக ஊதும், மூன்று சுமார், மீதி குப்பை. விலையோ கூலியைத் தின்றுவிடும். வெயிலில் நடந்துகொண்டே ஊதும்போது காய்ந்து அலைபோல நெளியும்; கடற்காற்றில் ஊறித் தொய்யும். தொய்ந்த ரீடின் நுனியை இரண்டு காசுக்கு நடுவில் பிடித்து நெருப்பில் லேசாகப் பொசுக்கினால் கொஞ்சம் விறைக்கும். கெட்டி ரீடை எமரித்தாளில் தேய்த்து இளக்குவார்கள். மூன்று ரீடை மாற்றி மாற்றி ஊதி, ஒன்று நனையும்போது மற்றவற்றைக் கண்ணாடிமேல் ஒட்டிக் காயவைத்தால் ஆயுள் கூடும். நாகஸ்வரக்காரர் சங்கிலியில் சீவாளிகளைத் தொங்கவிட்டுக்கொள்வதும் இதே காரணத்துக்குத்தான். காவிரிக்கரை நாணலில் திருவாவடுதுறையில் சீவாளி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளாரினெட் ரீடுக்கோ பிரான்சின் தென்கோடி நாணலை நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

அகலத் திறப்பு, இளசு ரீடு. ஏன்? இடம்தான். கூடத்தில் நாலு சுவருக்குள் ஊதுகிறவனுக்குச் சுவர் தொனியைத் திருப்பித் தரும். எர்ணாவூர்த் தெருவில் எதிரே லாரி, பக்கத்தில் ரெண்டு சைடு டிரம், பின்னால் பெரிய டிரம், அழுகை, பட்டாசு, கடற்காற்று. 5ஆர்வி மாதிரி ஒன்றைக் கட்டி வழவழவென்று ஊதினால் ஊதுகிறவனுக்கே கேட்காது. அதோடு பாட்டு சினிமாப் பாட்டு; பாடகர் எங்கே குழைந்தாரோ அங்கே குழைந்தால்தான் பாடையோடு வருகிற கிழவி நிமிர்ந்து பார்ப்பாள். குழைவுக்குத் திறப்பு வேண்டும். ஆகவே அந்தத் தொனி - மூக்கால் அழுவதுபோல, கூர்மையாக, ஓரத்தில் கொஞ்சம் கரகரப்போடு - தற்செயலாக வந்ததல்ல, தேர்ந்தெடுத்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் 'பீப்பி', 'சாவு ஊதல்', 'காட்டுக் கத்தல்' என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். நல்ல மவுத்பீஸ் வாங்க வக்கில்லாத ஆட்களின் சத்தம் என்று பொருள்.

*

இதே சத்தத்துக்கு வேறு ஊரில் வேறு மரியாதை கிடைத்திருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரம். கறுப்பர்கள் சாவு ஊர்வலத்துக்குப் பேண்டு வைப்பார்கள். இடுகாடுவரை மெதுநடைத் துக்கப்பாட்டு. புதைத்துவிட்டுத் திரும்பும்போது துள்ளல். பழைய சாவி அமைப்புக் கிளாரினெட்டுகள்; பாரிசில் 1840-களில் வந்த புது போம் அமைப்பு அவர்களில் பலரை ஈர்க்கவில்லை. பழையதில் விரலால் துளையைப் பாதி மூடிக் குழைக்கலாம்.

ஜார்ஜ் லூயிஸ் என்று ஒருவர், 1900-இல் பிறந்தவர். கிளாரினெட் சோறு போடாததால் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கூலி. 1944-இல் வேலையில் அடிபட்டு மார்பு நசுங்கிப் படுத்துவிட்டார். பில் ரஸ்ஸல் என்ற ஒலிப்பதிவாளர் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், அவர் படுக்கையில் இருந்தபடி ஊதியதைப் பதிவு செய்தார். 'பர்கண்டி ஸ்ட்ரீட் புளூஸ்' என்ற அந்த வாசிப்பு உலகம் சுற்றியது. பிறகு லூயிஸ் ஜப்பான்வரை போய் ஊதினார். ராயபுரம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டுச் சாயங்காலம் ஊதப்போன நம்மாள் வீட்டுக்கு எந்த ரஸ்ஸலும் வரவில்லை. தொனியில் குறை இருந்ததால் என்று நான் நம்பத் தயாரில்லை.

துருக்கியிலும் கிரேக்கத்திலும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஊதுகிற கிளாரினெட்காரர்களும் அகலத் திறப்பையும் இளசு ரீடையும்தான் விரும்புகிறார்கள். சுரத்தை வளைத்து வாசிக்கிற மரபு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் வாய் இப்படித்தான் திறக்கிறது.

கமகம் வராது என்ற வாதத்துக்கு இங்கேயே பதில் இருக்கிறது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன், 1931-இல் பிறந்தவர், நாகஸ்வரம் கற்றுவிட்டுக் கிளாரினெட்டுக்கு வந்தவர், இந்தக் கருவியில் முழுக்கச்சேரி செய்து காட்டினார். ராஜரத்தினம் பிள்ளையே அவரைக் 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்றார். மியூசிக் அகாதெமி 2008-இல் சங்கீத கலாநிதி கொடுத்தது, 2022-இல் பத்மஸ்ரீ. ஆக வாத்தியத்தால் முடியாது என்ற பேச்சு முடிந்துபோன பேச்சு. சாவி தடுத்ததை உதடும் விரலும் ரீடும் சேர்ந்து செய்தன. அதே உதட்டு வேலையைச் சுதி சேர்க்கத் தம்புராகூட இல்லாத நடுத்தெருவில் நடந்தபடி செய்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் அந்த வரலாற்றின் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். அவர்கள் ஊதியதும் கமகந்தான்; பெயர்தான் வேறு. 2020 டிசம்பரில் மார்கழியில் மக்களிசை தொடங்கியபோது பறைக்கும் கானாவுக்கும் மேடை கிடைத்தது. பேண்டு செட் கிளாரினெட்டுக்கும் அந்த மேடையில் ஒரு முழு மாலை கொடுக்கலாம்.

இன்றைக்கு எர்ணாவூரில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் செண்டை மேளம் வருகிறது, கீபோர்டு வைத்த வண்டி வருகிறது. செட்டில் கிளாரினெட் இருந்தால் அதன் வாயருகில் மைக் கட்டியிருக்கிறார்கள். மைக் வந்ததும் கணக்கு மாறிவிட்டது என்பதைப் புதிதாக ஊதவரும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். சத்தத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். 47 தௌ திறப்புக்கு அவசியமில்லை. 42, 43 போதும். மூச்சு மிச்சம், சுதி நிற்கும். குழைவு வேண்டுமானால் திறப்பைக் கூட்டாமல் ரீடை அரை நம்பர் இறக்கிப் பார்க்கலாம். மலிவு விலைக் கிளாரினெட்டோடு வருகிற பிளாஸ்டிக் மவுத்பீஸை உடனே தூக்கிப் போட வேண்டாம். கண்ணாடியில் வைத்துப் பாருங்கள், படுகை ஆடாமல் விளிம்பு சமமாக இருந்தால் அதுவே ஒரு வருஷம் ஓடும். முதலில் ரீடை மாற்றிப் பாருங்கள், தொனிக்குறையில் பாதி அங்கேயே போய்விடும். கையில் காசு சேர்ந்தால் வாத்தியத்தை மாற்றுவதற்கு முன்னால் ஓர் எபோனைட் மவுத்பீஸ் வாங்குவதுதான் புத்தி.

பழையது கிடைத்தாலும் வாங்கலாம். யாரோ ஊதிய எச்சில் என்று யோசிக்க வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு மெல்லிய துணியால் உள்ளும் புறமும் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். வெந்நீரில் மட்டும் போடக்கூடாது. எபோனைட் கோணிவிடும், கறுப்பு வெளிறிப் பச்சை பூக்கும், கந்தக நாற்றம் வாயிலிருந்து லேசில் போகாது.